மர வளையத்தை வைத்துப் பழைய வெப்பநிலையைச் சொல்ல முடியுமா, இல்லை இதுவும் ஒரு ஜோசியமா?

மரமண்டை:
பேருக்கேற்ற கேள்விதான், சிரிக்காதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோடை இன்றைய கோடையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது என்று ஒரு கிராஃபைக் காட்டுகிறார்கள். அப்போது தெர்மாமீட்டரே கிடையாது. கேட்டால் மரத்தின் வளையத்தை அளந்தோம் என்கிறார்கள். ஒரு மரம் வளர மழை வேண்டும், வெயில் வேண்டும், மண் வேண்டும், பக்கத்து மரம் நிழல் போடாமல் இருக்க வேண்டும், பூச்சி தின்னாமல் இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரு மில்லிமீட்டர் வளையம். அதிலிருந்து வெப்பநிலையை மட்டும் பிரித்தெடுத்து, அதுவும் கால் டிகிரி அரை டிகிரி என்று எப்படிச் சொல்கிறார்கள்? மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கில் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது.

உப்புத்தாள்:
நல்ல உவமை, அதையே வைத்துக்கொள்வோம். ஒரு மாணவன் மற்ற எல்லாப் பாடத்திலும் எப்போதும் நூறுக்கு நூறு, கணக்கில் மட்டும் ஏறி இறங்குவான் என்று உங்களுக்குத் தெரிந்தால்? அப்போது மொத்தத்தைப் பார்த்தே கணக்கு மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட மரத்தைத் தேடிப் போவதுதான் இந்த வேலையில் பாதி.

மரத்தின் வளர்ச்சியை எல்லாக் காரணிகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. எது பற்றாக்குறையோ அதுதான் பிடித்து இழுக்கும். வறண்ட அடிவாரத்தில் நிற்கும் பைனுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை, அதன் வளையம் மழையைச் சொல்லும். அதே மலையில் இதற்கு மேல் மரமே வளராது என்ற எல்லைக்கோட்டில் நிற்பதற்குத் தண்ணீர் பெரும்பாலும் போதும், குளிர்தான் எமன். வளரக் கிடைப்பதே சில வாரங்கள், அந்தச் சில வாரம் வெதுவெதுப்பாக இருந்தால் அகலமான வளையம், இல்லையென்றால் நூல் மாதிரி. ஆர்க்டிக் பக்கம் காடு முடியும் இடத்திலும் இதே கதை. அதனால் வெப்பநிலை வேண்டும் என்றால் ஸ்வீடனின் டோர்னெட்ரெஸ்க், சைபீரியாவின் யமால், ஆல்ப்ஸின் உச்சி என்று போவார்கள். நடுக்காட்டில் சொகுசாக நிற்கும் மரத்தை யாரும் தொடுவதில்லை, அது எதையும் தெளிவாகச் சொல்லாது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. இந்த மரங்கள் சொல்வது கோடையை மட்டும்தான். ஜனவரியில் மைனஸ் முப்பதா மைனஸ் நாற்பதா என்பது தூங்கிக்கொண்டிருக்கும் மரத்துக்குப் பெரிதாகத் தெரியாது. 'ஆண்டு சராசரி' என்று யாராவது நேரடியாக மரத்திலிருந்து சொன்னால் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

மரமண்டை:
சரி, இடம் புரிந்தது. ஆனால் ஆண்டு? இந்த வளையம் 1453, இது 1454 என்று அடித்துச் சொல்கிறார்களே, எண்ணும்போது ஒன்று தவறினால் எல்லாம் தள்ளிப் போகாதா?

உப்புத்தாள்:
போகும். போயிருக்கிறது, என் கையாலேயே.

படிக்கும் காலத்தில் ஒரு கோடை முழுக்க ஓர் ஆய்வகத்தில் உப்புத்தாள் தேய்த்தவன் நான், பேர் அங்கே வந்ததுதான். மரத்தை வெட்ட மாட்டார்கள். நடுவில் ஓட்டையுள்ள ஒரு திருகு துரப்பணத்தைக் கையால் திருகித் திருகி உள்ளே செலுத்தினால் பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி வெளியே வரும், விட்டம் ஐந்து மில்லிமீட்டர். அதைத்தான் கோர் என்போம். பள்ளம் வெட்டிய கட்டையில் பசை போட்டு அதைப் படுக்க வைத்து, முரட்டுத் தாளில் ஆரம்பித்துப் படிப்படியாக மெல்லிய தாளுக்குப் போய்த் தேய்க்க வேண்டும், மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரிகிற வரைக்கும். தும்மினால்கூட மரத்தூள் வரும். அப்புறம் பட்டைப் பக்கமிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே போய்ப் பத்தாண்டுக்கு ஒரு பென்சில் புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூற்றாண்டுக்கு மூன்று.

ஒரு கோரில் நான் வைத்த புள்ளிகள் 1850 வரை மற்ற மரங்களோடு அச்சாகப் பொருந்தின. அதற்கு உள்ளே எல்லாமே ஓராண்டு விலகல். மற்ற மரங்களில் குறுகலாக இருக்கும் ஆண்டு என்னுடையதில் அடுத்த ஆண்டில் நின்றது, அதற்கடுத்த குறுகலும் அப்படியே. மைக்ராஸ்கோப்பில் மறுபடி பார்த்தோம். ஒரு மோசமான கோடையில் மரம் அந்தப் பக்கத்தில் வளையமே போடவில்லை. அதே மரத்தின் மறுபக்கத்துக் கோரில் இரண்டே செல் அகலத்தில் அந்த வளையம் இருந்தது.

இப்படிக் குறுகல் அகலம் என்ற வரிசையை மரத்துக்கு மரம் பொருத்திப் பார்ப்பதுதான் குறுக்குப் பொருத்தம். வெறும் எண்ணிக்கை கணக்கில் சேராது. இதை ஒரு துறையாக நிலைநாட்டிய டக்ளஸ் ஒரு வானியலாளர், சூரியப்புள்ளிச் சுழற்சியைத் தேடி அரிசோனாவின் பைன் மரங்களுக்குள் நுழைந்தவர். 1929-ல் ஒரு பழைய உத்தரக் கட்டை இடைவெளியை நிரப்பித் தர, தென்மேற்கு அமெரிக்காவின் பாழடைந்த பழங்குடி ஊர்களுக்கெல்லாம் ஆண்டு சொல்ல முடிந்தது. உயிரோடு நிற்கும் மரம், அதற்கு முந்தைய வீட்டுக் கட்டை, அதற்கும் முன்னால் ஏரிச் சேற்றில் அமிழ்ந்த கட்டை என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே பின்னால் போகலாம். யமாலில் ஆற்றங்கரை வண்டலிலும் உறைமண்ணிலும் கிடந்த லார்ச் கட்டைகளை வைத்து ஏழாயிரம் ஆண்டுக்கு மேல் போயிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சி:
பாடம் அருமை. இப்போது பாடப்புத்தகத்தில் இல்லாததைப் பேசலாமா?

1998-ல் மர வளைய ஆய்வாளர் பிரிஃபாவின் குழு நேச்சர் இதழில் எழுதியது: வடதுருவத்தை ஒட்டிய பல இடங்களில் சுமார் 1960-க்குப் பிறகு தெர்மாமீட்டர் ஏறுகிறது, மரத்தின் அடர்த்தி ஏறவில்லை, சில இடங்களில் இறங்குகிறது. விலகல் சிக்கல் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கண்ணெதிரே இருக்கும் வெப்பத்தையே சொல்லாத மரம் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வெப்பத்தைச் சொன்னது என்று எதை நம்பி ஏற்பது? அன்றும் இதே மாதிரி வெப்பமாக இருந்து, மரம் இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே? 1999-ல் உலக வானிலை அமைப்பின் ஓர் அறிக்கையின் அட்டைப்படத்தில் மர வளையக் கோட்டை 1960-ல் வெட்டிவிட்டு, அதற்கு மேல் தெர்மாமீட்டரை ஒட்டிப் போட்டார்கள். 2009-ல் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது 'இறக்கத்தை மறைக்க' என்ற வார்த்தையோடு அது சந்தி சிரித்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உப்புத்தாள்:
அந்த அட்டைப்படத்தை நான் காப்பாற்ற வரவில்லை. 2010-ல் விசாரித்த குழுவே, வெட்டி ஒட்டியதைச் சொல்லாமல் விட்டது தவறான எண்ணத்தைத் தரும் என்றுதான் எழுதியது. ஆனால் அந்த 'இறக்கம்' வெப்பநிலையின் இறக்கம் இல்லை. இறங்கியது மர அடர்த்தி, பிரச்சினையை வெளியே சொன்னதும் அதே ஆட்கள், அதற்கு ஓராண்டு முன்பே.

உங்கள் முக்கியக் கேள்வி நியாயமானது. பதில் முழுசாக இல்லை, பாதி இருக்கிறது. விலகல் எல்லா இடத்திலும் இல்லை. அலாஸ்காவின் வெள்ளை ஸ்ப்ரூஸில் பல இடங்களில் இருக்கிறது, அங்கே வெப்பம் கூடக்கூட மரத்துக்குத் தண்ணீர் போதவில்லை, அதாவது நான் மேலே சொன்ன 'எது பற்றாக்குறை' என்பதே நடுவில் மாறிவிட்டது. வடக்கு ஸ்காண்டிநேவியாவில் ஈரம் இருக்கிறது, அங்கே மரம் இன்னும் தெர்மாமீட்டரோடு ஒத்துப் போகிறது. 2004-ல் குக் என்ற ஆய்வாளரின் குழு வடக்கு மரங்களையும் அதற்குத் தெற்கே உள்ளவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தது. நடுக்காலத்தில், அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு, இப்படி ஒரு விலகல் நடந்திருந்தால் இரண்டு கோடுகளும் அப்போதும் பிரிந்திருக்க வேண்டும். அவை பிரிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். இது முழு நிரூபணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒன்றும் சொல்ல முடியாது' என்பதும் இல்லை.

அப்புறம் அடர்த்தி என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு: வளையத்தின் வெளிவிளிம்பில், கோடை முடிவில் மரம் கட்டும் செல்களின் சுவர் தடிமனாக இருக்கும், அதுதான் நாம் பார்க்கும் கருங்கோடு. எக்ஸ்ரே எடுத்து அதன் உச்ச அடர்த்தியை அளந்தால், அகலத்தைவிட வெப்பநிலையோடு நன்றாகப் பொருந்தும். அகலத்துக்கு ஞாபகம் அதிகம். போன ஆண்டு சேமித்த உணவு, உதிர்ந்த ஊசியிலை எல்லாம் இந்த ஆண்டு வளையத்தில் எட்டிப் பார்க்கும். 1815-ல் தம்போரா எரிமலை வெடித்து 1816-ல் கோடையே இல்லாமல் போனதல்லவா, அகலத்தில் அது இரண்டு மூன்று ஆண்டுக்கு இழுபட்டுத் தெரியும், அடர்த்தியில் 1816-ல் கத்தி வைத்தது போல் இறங்கும். 1600-ல் பெருவில் வைனாபுட்டினா வெடித்த மறு ஆண்டும் அப்படித்தான், 1601 வடகோளார்த்தத்தின் மிகக் குளிர்ந்த கோடைகளில் ஒன்று.

எண்சாண்:
ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மரம் தெரியாது, புள்ளியியல் தெரியும். இரண்டு பேரும் பேசாத ஓர் இடம் இருக்கிறது.

மரத்தை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள்? மலைமேல் நிற்கிறது, குளிர்தான் கட்டுப்படுத்தும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அந்த இடத்து மரம் எல்லாவற்றையும் பயன்படுத்தினால் ஒரு கதை. நூறு இடத்து மரத்தை அள்ளிக்கொண்டு வந்து, எதெல்லாம் கடந்த நூறாண்டு தெர்மாமீட்டரோடு ஒத்துப் போகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டால் அது முற்றிலும் வேறு கதை. இரண்டாவது முறையில் மரமே வேண்டாம், குப்பை எண்களை வைத்தே ஹாக்கி மட்டை செய்யலாம், அதாவது நெடுங்காலம் தட்டையாக ஓடிக் கடைசியில் விர்ரென்று ஏறும் கோடு. மரமண்டை, கையில் ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறதா? ஆயிரம் வரிசை, ஒவ்வொன்றிலும் ஆயிரம் தற்போக்கு (random) எண்கள். கடைசி நூறுக்கு ஒரு நேரான ஏறுகோடு வரைந்து அதோடு தொடர்பு எண் (எவ்வளவு ஒத்துப் போகிறது என்பதன் அளவு) 0.3-க்கு மேல் வருவதை மட்டும் பொறுக்கி, சராசரி எடுத்துப் படம் போடுங்கள்.

மரமண்டை:
போட்டேன். ஆயிரத்தில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. என்ன சார் இது, உங்கள் மந்திரம் பலிக்கவில்லையே.

எண்சாண்:
என் தப்பு, சொல்லாமல் விட்டுவிட்டேன். மரத்துக்கு ஞாபகம் உண்டு என்று இப்போதுதானே அவர் சொன்னார். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் 0.9 பங்கைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மரமண்டை:
அட! இப்போது இருநூறு சொச்சம் தேறிவிட்டது. சராசரிப் படம்: தொள்ளாயிரம் ஆண்டு தட்டையாக ஓடுகிறது, கடைசி நூறில் விர்ரென்று ஏறுகிறது. இது வெறும் குப்பை எண் என்று எனக்கே தெரியும், ஆனாலும் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை, ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறதே?

எண்சாண்:
ஏறுகிற வரிசைகளைத்தானே பொறுக்கினீர்கள், ஏற வேண்டுமானால் கீழேயிருந்துதானே தொடங்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தட்டையாகிவிடும். உண்மையான வெப்பச் செய்தி உள்ள மரங்களிலும் இந்தப் பொறுக்கல் வேலை செய்தால், பழைய காலத்தின் ஏற்ற இறக்கம் சுருங்கித் தெரியும். பொறுக்காமல் ஆயிரத்துக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள், ஒன்றுமே இருக்காது.

எதிர்க்கட்சி:
ஆக, முடிந்தது கதை. மொத்தமும் பொறுக்கல்.

எண்சாண்:
இல்லை, அவசரப்படாதீர்கள். 'இப்படிச் செய்தால் தப்பு வரும்' என்பதுதான் நான் காட்டியது. எல்லாரும் இப்படிச் செய்தார்கள் என்று எங்கே சொன்னேன்? குப்பை எண்கள் 1601-ல் ஒன்றுசேர்ந்து இறங்காது. வேறு வேறு நாட்டு மரங்கள் ஒரே எரிமலை ஆண்டில் சொல்லி வைத்தாற்போல் இறங்குகின்றன என்றால் அங்கே செய்தி இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தில் எனக்குச் சந்தேகம் குறைவு. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மெதுவாக ஏறி இறங்குவதில்தான் கேள்வி.

உப்புத்தாள்:
அங்கேதான் எங்களுக்கும் தலைவலி. இளம் மரம் அகல வளையம் போடும், வயதாக ஆகக் குறுகும், அது வானிலை இல்லை, வெறும் வயது. அந்த வயதுச் சரிவை நீக்க ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக ஒரு வளைவு பொருத்தி வகுத்தால், நூறாண்டாக மெதுவாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியும் வயதோடு சேர்ந்து போய்விடும். மரத்தின் ஆயுளைவிட நீளமான மாற்றம் எதுவும் மிஞ்சாது. முந்நூறு வயது மரங்களைக் கோத்து இரண்டாயிரம் ஆண்டு போகலாம், ஆனால் ஆயிரம் ஆண்டுச் சரிவு அதில் தெரியாது. 1995-ல் இதை எழுதியபோது 'சாபம்' என்றே பெயர் வைத்தார்கள்.

இதற்கு மாற்று, எல்லா மரத்தையும் வயதுப்படி அடுக்குவது. பத்து வயதில் எல்லாரும் சராசரியாக எவ்வளவு, நூறு வயதில் எவ்வளவு என்று ஒரே பொது வளைவு போட்டு, அதோடு ஒவ்வொரு மரத்தையும் ஒப்பிடுவது. 1992-ல் டோர்னெட்ரெஸ்கில் பிரிஃபா செய்தது இதுதான். மெதுவான மாற்றம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இதற்கு எல்லாக் காலத்திலும் எல்லா வயதிலும் ஏராளமான மரம் வேண்டும். யமாலில் முதலில் வந்த கோட்டின் கடைசிப் பகுதியில் மரங்கள் மிகக் குறைவு என்று, இந்த வரைபடங்களை விமர்சித்து வந்த மெக்கின்டயர் 2009-ல் பிடித்தார் அல்லவா, அந்தக் கேள்வி சரியானது. 2013-ல் பிரிஃபா குழு மேலும் பல மரங்களைச் சேர்த்து மறுபடி செய்தது. மட்டையின் முனை கொஞ்சம் மழுங்கியது, ஆனால் இருபதாம் நூற்றாண்டு வெப்பம் போகவில்லை.

எதிர்க்கட்சி:
பிரிசில்கோன் பைன்? அதையும் சொல்லிவிடுங்கள். அந்த ஹாக்கி மட்டைப் படத்தை முதலில் போட்ட மைக்கேல் மான் குழுவின் 1998, 1999 கட்டுரைகளின் உயிரே அதுதானே.

உப்புத்தாள்:
கலிபோர்னியாவின் வெள்ளை மலையில் நிற்கும் கிழங்கள். 1957-ல் ஷுல்மன் கண்டுபிடித்த மரத்துக்கு வயது நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். பல மரங்களில் பட்டை பெரும்பாலும் உரிந்து ஒரே கீற்றில் உயிர் ஓடும், அந்தக் கீற்றில் வளையம் திடீரென அகலமாவதற்கும் வெப்பத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். 2006-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு இந்த மாதிரி மரங்களைத் தவிர்க்கச் சொன்னது. மான் குழு சராசரியை 1902 முதல் 1980 வரைக்கு மட்டும் வைத்துக் கணக்கிட்ட முறையும் தப்புத்தான், அதனால் முடிவு பெரிதாக மாறவில்லை என்றும் அதே குழு சொன்னது. கடந்த 400 ஆண்டுக்கு நம்பிக்கை அதிகம், கி.பி. 900-க்கு முன்னால் மிகக் குறைவு என்றது. எனக்கு அந்த வரிசை இன்றைக்கும் ஏறக்குறைய சரியாகத்தான் படுகிறது.

ஆனால் 2009-ல் சால்சர் குழு காட்டியதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மர எல்லையிலிருந்து சுமார் 150 மீட்டருக்குள் நிற்கும் பிரிசில்கோனில் மட்டும்தான் இருபதாம் நூற்றாண்டில் வந்த அந்த அகலம், அதற்குக் கீழே இல்லை. பட்டை உரிந்ததா இல்லையா என்பதைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். காற்றில் கூடிய கரியமில வாயு உரமாகித்தான் வளையம் அகலமானது என்று சிலர் சொல்வார்கள். அப்படியென்றால், சற்றுக் கீழே நிற்பதற்கும் அந்த உரம் கிடைத்திருக்க வேண்டுமே.

மரமண்டை:
அப்படியானால் இன்றைய நிலவரம் என்ன? ஒரு வரியில்.

உப்புத்தாள்:
ஒரு வரியில் முடியாது, இரண்டு வரி தருகிறேன். 2023-ல் வந்த ஒரு வேலையில் பியோர்க்லுண்ட் குழு அடர்த்தியை விட்டுவிட்டுச் செல் சுவரை ஒவ்வொன்றாக அளந்தது, ஸ்காண்டிநேவியாவின் நடுக்காலம் முன்பு நினைத்த அளவுக்கு வெப்பமாக இல்லை, இன்றைய வெப்பம் அதைத் தாண்டிவிட்டது என்று வந்தது. 2024-ல் எஸ்பர் குழு, வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள நிலப்பகுதியில் 2023 கோடை 1850–1900 சராசரியைவிட 2.07 டிகிரி கூடுதல், இரண்டாயிரம் ஆண்டில் இணையில்லாதது என்றது. தெற்கிலும் வெப்பமண்டலத்திலும் இவ்வளவு நம்பிக்கையாகப் பேச மரங்கள் போதாது.

எதிர்க்கட்சி:
நீங்கள் சொன்னதை எல்லாம் அப்படியே விழுங்க நான் தயாரில்லை. அளவுகள் எல்லாம் இணையத்தில் பொதுவில்தானே இருக்கின்றன, நேற்று இரவு ஓர் இடத்தின் மூலக் கோப்பை இறக்கினேன். இதோ மாட்டிக்கொண்டீர்கள். ஐந்து மரம் பார்த்தேன், ஐந்திலும் கடைசி வளையம் 9.99 மில்லிமீட்டர்! அதற்கு முந்தையது எல்லாம் அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர். கடைசி ஆண்டில் மட்டும் எல்லா மரமும் ஒரே அளவுக்கு ஊதிவிட்டதா?

உப்புத்தாள்:
999 என்று இருக்கிறதா?

எதிர்க்கட்சி:
ஆமாம். நூறால் வகுத்தேன்.

உப்புத்தாள்:
அது வளையம் இல்லை. அந்தக் கோர் இங்கே முடிந்தது என்பதற்கான குறி, மிகப் பழைய காலத்துக் கோப்பு வடிவம் அது. 999 என்று முடிந்தால் அளவு நூறில் ஒரு மில்லிமீட்டரில், மைனஸ் 9999 என்று முடிந்தால் ஆயிரத்தில் ஒன்றில். கணக்கில் எடுக்கும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

எண்சாண்:
நல்லவேளை, படம் போட்டு எங்கும் பரப்பவில்லையே. இதைவிட நேரான ஹாக்கி மட்டை யாரும் செய்ததில்லை.

எதிர்க்கட்சி:
சிரித்துக்கொள்ளுங்கள். நீக்கிவிட்டேன், மறுபடி போட்டுப் பார்க்கிறேன். நடுவில் மூன்று நான்கு இடத்தில் 0 என்று இருக்கிறதே, அதுவும் குறியா?

உப்புத்தாள்:
இல்லை, அது நிஜமான அளவு. அந்த ஆண்டு அந்தப் பக்கத்தில் மரம் வளையம் போடவில்லை. அதை நீக்கிவிடாதீர்கள்.